சட்டைக் கையை விடாதே! – குழந்தைகள் ஜூடோ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உங்கள் பகுதியில் உள்ள ஜூடோ கிளப்பில் பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றிச் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். பதில் சொல்பவர் காவல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெண்மணி. பணிக்காலத்தில் துறையின் ஜூடோ அணியில் விளையாடியவர். இப்போது திண்டுக்கல்லில் ஒரு பள்ளியின் பிரார்த்தனைக் கூடத்தில் மாலை நேரங்களில் சிறுவர் சிறுமியருக்கு ஜூடோ சொல்லித்தருகிறார்.

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே சிறுவர் ஜூடோ வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். பையனுக்கு ஏழு வயது. “கராத்தேயில் சேர்த்தால் நாலு பேரை அடிக்கவாவது கற்றுக்கொள்வான், ஜூடோவில் என்ன இருக்கிறது?” என்கிறார் கணவர். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஜூடோவில் அடி கிடையாது, உதை கிடையாது. எதிரே நிற்பவரின் காலரை ஒரு கையிலும் சட்டைக் கையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, அவர் நிலைதடுமாறும் நொடி பார்த்துக் கீழே போடுவது. போட்ட பிறகு முதுகு மேட்டில் (‘மேட்’ என்கிற விரிப்பு மெத்தையில்) ஒட்டியிருக்கும்படி அமுக்கிப் பிடிப்பது. சிறுவர் ஜூடோ இவ்வளவுதான். கழுத்தை நெரிக்கும் பிடியும் முழங்கையை மடக்கும் பிடியும் பெரியவர்களுக்கு உண்டு. நல்ல கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லித்தர மாட்டார்கள்.

இதை உருவாக்கிய ஜிகோரோ கானோ சின்ன உடம்புக்காரர். பள்ளியில் பெரிய பையன்களிடம் அடிபட்டதால்தான் ஜுஜுட்சு என்ற பழைய சண்டைக் கலையைத் தேடிப் போனார். 1882-ல், 21 வயதில், டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் 12 பாய் விரித்துத் தன் பள்ளியைத் தொடங்கினார். அடி, குத்து போன்ற ஆபத்தானவற்றை அவர் பயிற்சிச் சண்டையிலிருந்து விலக்கிவிட்டார். அதனால்தான் இரண்டு பேர் முழு பலத்தோடு மோதிவிட்டு, முழு உடம்போடு வீட்டுக்குப் போக முடிகிறது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். கராத்தேயில் குழந்தை பெரும்பாலும் காற்றில் குத்திப் பழகும், அல்லது மேலே படாமல் நிறுத்தப் பழகும். ஜூடோவில் முதல் வருடத்திலிருந்தே எதிரே ஒரு உயிருள்ள ஆள் இழுக்கிறான், தள்ளுகிறான், விழ மாட்டேன் என்று நிற்கிறான். கராத்தேயைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டும் வேறு வேறு கல்வி.

பள்ளிக்கூடத்துச் சண்டை எப்படித் தொடங்கும் என்று யோசித்துப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு, ஒருவன் இன்னொருவனின் சட்டையைப் பிடிப்பதில்தான். தினமும் சட்டையைப் பிடிக்கக் கொடுத்துப் பழகிய பிள்ளைக்கு அந்த நேரத்தில் பதற்றம் வராது. பதறாதவன் அடிக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் வருவதில்லை.

ஏழு வயது சரியான வயது. ஐந்து வயதில் சேர்த்தால் ஓட்டம், உருளல், விளையாட்டு என்று போகும். அதுவும் நல்லதுதான், ஆனால் அந்த வயதில் பதக்கத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

கேள்வி: பேரனை ஜூடோவில் சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. போய்ப் பார்த்தால் பிள்ளைகள் விழுகிறார்கள், உருள்கிறார்கள், எழுகிறார்கள், மறுபடி விழுகிறார்கள். மாஸ்டரிடம் கேட்டால் “பொறுங்கள் ஐயா” என்கிறார். பீஸ் வாங்கிக்கொண்டு விழச் சொல்லித்தருவதா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த மாஸ்டர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. தயவுசெய்து பேரனை அங்கேயே விட்டுவையுங்கள்.

பின்பக்கமாக விழப்போகும் எந்த மனிதனும் செய்வது ஒன்றுதான்: கையைப் பின்னால் ஊன்றுவான். மணிக்கட்டு, முழங்கை, காறை எலும்பு எல்லாம் உடைவது அப்படித்தான். கை ஊன்றவில்லையென்றால் தலை பின்னால் சாய்ந்து தரையில் மோதும். இந்த இரண்டு பழக்கத்தையும் உடம்பிலிருந்து எடுக்க வேண்டும். அதனால் முதலில் குந்தி உட்காரவைத்து, உட்கார்ந்த நிலையிலிருந்து பின்னால் உருளச் சொல்வோம். மோவாய் நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளிடம் “பெல்ட் முடிச்சைப் பார், பெல்ட் முடிச்சைப் பார்” என்று சொல்லிக்கொண்டே இருப்போம். முடிச்சைப் பார்க்கும் தலை பின்னால் சாயாது. அதே நேரத்தில் இரண்டு கைகளும் உடம்பிலிருந்து சற்று விலகி, உள்ளங்கை முதல் முழங்கை வரை முழுதாக மேட்டில் அறைய வேண்டும். விழும் வேகத்தைக் கைகள் வாங்கிக்கொள்ளும். குந்தியிருந்து சரியாக வந்த பிறகு நின்று விழுவது, அப்புறம் பக்கவாட்டில், அப்புறம் ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காக உருண்டு முன்னால் விழுவது. கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக விழும்போது ‘பட் பட்’டென்று ஒரே மாதிரி சத்தம் வர வேண்டும். ஒரு சத்தம் மந்தமாக வந்தால் நான் திரும்பிப் பார்ப்பேன். யாரோ முதுகில் விழுந்திருக்கிறார்கள், கை அறையவில்லை.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜப்பானே சாட்சி. 1983 தொடங்கி ஏறத்தாழ 30 ஆண்டுகளில் அந்த நாட்டுப் பள்ளிகளில் ஜூடோ பழகும்போது நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். காரணங்களில் முதலிடம் தலைக்காயத்துக்கு. இறந்தவர்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிகம். ஓ-சோதோ-காரி என்று ஒரு த்ரோ உண்டு. எதிராளியின் காலைப் பின்புறமாக வாரி நேராக மல்லாக்கச் சாய்ப்பது. விழத் தெரியாத பிள்ளையை இப்படிச் சாய்த்தால் பின்மண்டை தரைக்குப் போகும். உண்மை வெளியே வந்து பெரிய விவாதமான பிறகு அங்கே பயிற்சி முறைகளை மாற்றினார்கள், சாவுகள் வெகுவாகக் குறைந்தன. ஜூடோ பிறந்த நாட்டிலேயே இந்த நிலைமை இருந்தது. ஆகவே மூன்று மாதம் விழவைக்கும் மாஸ்டர் பேரனுக்கு நல்லது செய்கிறார்.

விழுகிறவன் கற்கும் பாடம் இது. போடுகிறவனுக்கும் ஒரு பாடம் உண்டு. என்னைக் கேட்டால் ஜூடோவிலேயே பெரிய பாடம் அதுதான். த்ரோ போடும்போது ஒரு கை எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்திருக்கிறது அல்லவா? அவன் காற்றில் இருக்கும் கடைசி நொடியில் அந்தச் சட்டைக் கையை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுத்தால் அவன் உடம்பு திரும்பி, பக்கவாட்டில், பதமாக மேட்டில் இறங்கும். தலை மேலேயே நிற்கும். விட்டுவிட்டால் மூட்டையாக விழுவான். “சட்டைக் கையை விடாதே!” எங்கள் கூடத்தில் ஒரு மாலையில் அதிகமாகக் கேட்கும் வாக்கியம் இதுதான்.

சமீபத்தில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தன்னைவிட உயரமான பையனை இடுப்பில் ஏற்றிப் போட்டாள். நல்ல த்ரோ. பையனின் கால்கள் அவள் தலைக்கு மேலே போய்வந்தன. அவன் விழுந்ததும் அவள் சிரிக்கவில்லை, கை தூக்கவில்லை. குனிந்தபடியே, இரண்டு கையாலும் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள். அவன் எழுந்து காலர் சரிசெய்து, “இப்ப என் டர்ன்” என்றான். நாளைக்கு அவன் போடும்போது அவளைப் பத்திரமாக இறக்குவான் என்று அவளுக்குத் தெரியும். கீழே போடும் ஆளின் தலைக்கு நீதான் பொறுப்பு என்று கையைப் பிடித்துச் சொல்லித்தரும் விளையாட்டு வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள், ஐயா. விருந்தாளிகள் வரும்போது “எங்கே, தாத்தாவுக்கு ஒரு த்ரோ போட்டுக் காட்டு” என்று வீட்டு சிமெண்ட் தரையில் மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: அரைஞாண் கயிறு, கையில் கட்டிய கறுப்புக் கயிறு, காதில் சின்னக் கம்மல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார்கள். கயிறைக் கழற்ற மாமியார் சம்மதிக்கவில்லை.
– ஒரு தாய், ராஜபாளையம்

பதில்: உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்பது உலகம் முழுவதும் ஜூடோவில் சட்டம். கம்மல், கொலுசு, வெள்ளி அரைஞாண், இரும்பு ஹேர்பின், தாயத்து எல்லாம் அதில் வரும். கையில் கட்டிய கயிற்றில் எதிராளியின் விரல் மாட்டினால் விரல் பிசகும். சாதாரண நூல் அரைஞாணை வகுப்புக்கு மட்டும் கழற்றிவிட்டு, முடிந்ததும் கட்டிவிடலாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். திருநீறு, பொட்டு பற்றிக் கவலை வேண்டாம். நகம்தான் முக்கியம். கை நகமும் கால் நகமும் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். எங்கள் கூடத்தில் நகம் வளர்ந்த பிள்ளைக்கு அங்கேயே நகவெட்டி கொடுத்துவிடுவோம்.

கேள்வி: மகளுக்குப் பதினொரு வயது. ஒரு வருடமாக ஆர்வமாகப் போகிறாள். பையன்களும் பெண்களும் சேர்ந்து பழகுகிறார்கள். “வயசுக்கு வரப்போற பொண்ணு, கட்டிப் புரண்டு சண்டை போடணுமா?” என்று உறவுக்காரர்கள் பேசுகிறார்கள். நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. இதை வேண்டுகோளாகவே எழுதுகிறேன்.

உறவுக்காரர்கள் பேசுவது புதிதல்ல. 1959-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ரீனா கனோகோகி என்ற பெண் முடியை வெட்டி, மார்பைக் கட்டி, ஆணாக வேடமிட்டு ஒரு ஜூடோ போட்டியில் விளையாடி ஜெயித்தார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவரைப் போன்றவர்கள் விடாமல் போராடியதில் 1988 சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ காட்சிப் போட்டியாக வந்தது, 1992 பார்சிலோனாவில் பதக்கப் போட்டியானது. ஆண்களுக்கு அது 1964-லேயே கிடைத்துவிட்டது.

நம் நாட்டைப் பாருங்கள். மணிப்பூரின் சுசீலா தேவி காமன்வெல்த்தில் 2014-லும் 2022-லும் வெள்ளி. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து ஜூடோ விளையாடிய ஒரே ஆள் அவர்தான். 2022 காமன்வெல்த்தில் வெள்ளி வாங்கிய துலிகா மான், டெல்லி காவல்துறையில் வேலை பார்த்த தாய் தனியாக வளர்த்த மகள். அதே 2022-ல், மணிப்பூரின் லிந்தோய் சனாம்பம் சரயேவோவில் நடந்த கேடட் (18 வயதுக்கு உட்பட்டோர்) உலகப் போட்டியில் 57 கிலோ பிரிவில் தங்கம் வென்றாள். ஜூடோவில் எந்த வயதுப் பிரிவிலும் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. இந்த நாட்டின் ஜூடோவைப் பெண் பிள்ளைகள்தான் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை.

நடைமுறைக்கு வருவோம். உங்கள் மகள் வயதில் பெண்களைப் பெண்களோடு ஜோடி சேர்ப்பதுதான் வழக்கம். ஆள் குறைவாக இருக்கும்போது பையன்களோடும் பழகலாம், ஆனால் அவளுக்கு விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருக்க வேண்டும். ஜூடோ சட்டைக்குள் பெண்கள் வெள்ளை ரவுண்ட் நெக் டி-ஷர்ட் போடுவது விதியிலேயே உண்டு. மாதவிடாய் நாட்களில் அவளால் முடிந்தால் வரட்டும், முடியாவிட்டால் காரணம் கேட்காமல் விட வேண்டும்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. வகுப்பு நடக்கும் கூடத்தின் கதவு திறந்திருக்கிறதா? பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாமா? கோச் ஒரு பிடியைத் திருத்த வேண்டுமென்றால் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டுத் தொடுகிறாரா? வெளியூர்ப் போட்டிக்குக் கூட்டிப்போகும்போது பெண் துணை வருகிறாரா? இதில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் அந்த கிளப்பை விட்டு வெளியே வாருங்கள். வேறு கிளப் தேடிக்கொள்ளலாம். காவல்துறையில் இருந்தவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: ஆன்ட்டி, நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்க கிளப்ல நான்தான் ரொம்ப ஒல்லி. என்கூட ஜோடி சேர்ற பையன் குண்டு. அவனை என்னால நகத்தவே முடியல. எல்லா தடவையும் தோத்துப் போறேன். நான் ஜெயிக்க முடியுமா?
– ஐந்தாம் வகுப்பு மாணவன், தென்காசி

பதில்: தம்பி, முடியும். எப்படி என்று சொல்கிறேன், கவனமாகப் படி.

முதலில், போட்டியில் அவனோடு உன்னை மோதவிட மாட்டார்கள். அங்கே எடை பார்த்துத்தான் பிரிப்பார்கள். ஆனாலும் கிளப்பில் அவனோடு பழகு, ஏனென்றால் பெரிய ஆளிடம் பலத்தை வைத்து ஏமாற்ற முடியாது. நுட்பம் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும்.

நீ அவனை நின்ற இடத்தில் தள்ளிப் பார்க்கிறாய் என்று நினைக்கிறேன். தள்ளாதே. நீ ஒரு கதவைத் தோளால் முட்டித் தள்ளும்போது உள்ளேயிருந்து யாராவது சட்டென்று திறந்தால் என்ன ஆகும்? நீயே உள்ளே போய் விழுவாய், அல்லவா? அதையே அவனுக்குச் செய். அவன் தள்ளும்போது எதிர்க்காமல் பின்வாங்கி இழு. அவன் இழுக்கும்போது அவன் பக்கமே போ. எந்தக் குண்டுப் பையனும் ஒரு காலைத் தூக்கி அடுத்த அடி வைத்துத்தான் ஆக வேண்டும். அவன் கால் மேட்டைத் தொடப் போகும் அந்தக் கணத்தில், இன்னும் முழு எடையும் அதில் இறங்குவதற்கு முன்னால், உன் உள்ளங்காலால் அவன் கணுக்காலை வாரிவிடு. தே-ஆஷி-பராய் என்று உன் மாஸ்டரிடம் கேள், சொல்லித்தருவார். பலம் வேண்டாம், நேரம் பார்க்கத் தெரிய வேண்டும். சீக்கிரம் வாரினால் கால் காற்றில் இருக்கும், தாமதமானால் கல்லை உதைத்த மாதிரி உனக்குத்தான் வலிக்கும். அதனால் நிறைய தடவை முயற்சி செய்.

ஜப்பானில் தோஷிஹிகோ கோகா என்று ஒருவர் இருந்தார். 71 கிலோ பிரிவுக்காரர். 1990-ல் எடைப் பிரிவே இல்லாத அகில ஜப்பான் போட்டியில் இறங்கி, பெரிய பெரிய ஆட்களை ஜெயித்து இறுதிப் போட்டி வரை போனார். இறுதியில் தன்னைவிட ஐம்பது கிலோவுக்கும் மேல் அதிகமான நவோயா ஒகாவாவிடம் தோற்றார். தோற்றதைச் சொல்லாமல் விட்டால் நான் உனக்குக் கதை சொல்கிறவள் ஆகிவிடுவேன். ஆனால் அந்த மேட்டில் அவர் வந்து நின்றதே ஜப்பான் முழுக்கப் பேச்சானது. இரண்டு வருடம் கழித்து, முழங்கால் காயத்தோடு ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அவருடைய தோள் த்ரோவின் வீடியோவை அப்பாவின் போனில் போட்டுக் காட்டச் சொல். எதிராளிக்குக் கீழே எவ்வளவு ஆழமாகக் குனிந்து நுழைகிறார் என்று பார். குள்ளமாக இருப்பது அங்கே வசதி.

அப்புறம், அந்தப் பையனைக் ‘குண்டு’ என்று கூப்பிடாதே. உன்னை நம்பித்தான் அவன் விழுகிறான்.

கேள்வி: மகனுக்குப் பன்னிரண்டு வயது. மாவட்டப் போட்டிக்கு முன் இரண்டு கிலோ குறைத்தால் கீழ்ப் பிரிவில் சுலபமாகப் பதக்கம் கிடைக்கும் என்று கோச் சொன்னார். இரண்டு நாள் இரவுச் சாப்பாடு இல்லை, கடைசி நாள் தண்ணீர்கூட இல்லை. ஸ்வெட்டர் போட்டு வெயிலில் ஓடவிட்டார்கள். பதக்கம் கிடைத்தது. ஆனால் பிள்ளை வாடிப்போய்விட்டான். இது எல்லா இடத்திலும் உள்ளதுதானா?
– ஒரு தாய், சேலம்

பதில்: எல்லா இடத்திலும் இல்லை. எங்கே நடந்தாலும் தவறு. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

வளர்கிற பிள்ளையின் எடை ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஏறவில்லையென்றால்தான் மருத்துவரிடம் போக வேண்டும். தண்ணீரை நிறுத்தி நம் ஊர் வெயிலில் ஓடவிட்டால் உடம்பில் உப்பும் நீரும் வற்றி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். வற்றிய உடம்போடு ஒருவன் மேட்டில் இறங்கினால் விழும்போது தன்னைக் காத்துக்கொள்ளும் வேகமும் குறைந்திருக்கும். இத்தனையும் எதற்கு? பன்னிரண்டு வயதில் வாங்கிய மாவட்டப் பதக்கத்தைப் பத்து வருடம் கழித்து யாரும் கேட்கப் போவதில்லை.

ஜப்பான் ஜூடோ சம்மேளனம் 2022-ல் ஒரு முடிவெடுத்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்திவந்த தேசியப் போட்டியையே ரத்து செய்துவிட்டது. சின்னப் பிள்ளைகளை எடை குறைக்க வைக்கிறார்கள், பெற்றோரும் கோச்சுகளும் நடுவரைப் பார்த்துக் கத்துகிறார்கள், எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்ற வெறி பிள்ளைகளின் வளர்ச்சியைக் கெடுக்கிறது என்பதுதான் காரணம். அப்போது சம்மேளனத்தின் தலைவர் யாசுஹிரோ யமாஷிதா, 1984 ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். ஒலிம்பிக் பதக்கத்தின் அருமை தெரிந்தவர் தலைமையிலேயே இந்த முடிவு வந்தது என்பதை உங்கள் கோச்சுக்குச் சொல்லலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது: “இனி என் பையன் இருக்கும் எடையில்தான் விளையாடுவான்” என்று கோச்சிடம் நேரில், மரியாதையாக, உறுதியாகச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் சரி. “அப்படியென்றால் டீமில் எடுக்க மாட்டேன்” என்றால் வேறு கிளப் பாருங்கள். பையனிடம் தனியாகப் பேசுங்கள். அம்மாவைக் கேட்காமல் யார் சொன்னாலும் சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: நல்ல கிளப் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டிரெஸ், பெல்ட் என்று செலவு நிறைய ஆகுமா?
– ஆட்டோ ஓட்டுநர், வேலூர்

பதில்: சேர்ப்பதற்கு முன் ஒரு மாலை முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். முதலில் மேட்டைப் பாருங்கள். குனிந்து உங்கள் முட்டியால் அழுத்திப் பாருங்கள், தரை தட்டக் கூடாது. யோகாவுக்கு விரிக்கும் மெல்லிய ஷீட்டில் ஜூடோ நடத்தினால் அன்றே திரும்பிவிடுங்கள். இரண்டு மேட்டுக்கு இடையில் இடைவெளி விழுந்தால் கால் விரல் மாட்டும். பயிற்சி நடுவிலேயே பிள்ளைகள் அதைத் தள்ளிச் சேர்க்கிறார்களா என்று கவனியுங்கள். சேர்க்கிறார்கள் என்றால் அங்கே ஒழுங்கு இருக்கிறது. மேட்டை ஒட்டித் தூணோ சுவரோ இருந்தால் அதற்கு மெத்தை கட்டியிருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால் கோச் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். “அன்றைக்கு மேட்டை விட்டு வெளியே, பெற்றோருக்குப் போன், டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் திரும்ப வரலாம்” என்பதுதான் சரியான பதில். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் (என்.ஐ.எஸ்.) படித்த கோச் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் மாநில சங்கத்தோடு தொடர்பில் இருப்பவராக இருக்கட்டும்.

டிரெஸ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். முதல் மாதம் கனமான பழைய ட்ராக் சூட் போதும். ஜூடோ டிரெஸ் கனத்த பருத்தியில் நெய்தது, இழுத்தால் கிழியாது. கராத்தே டிரெஸ் மலிவு, ஆனால் முதல் வாரத்திலேயே தோள்பட்டையில் பிரிந்துவிடும். அண்ணன்கள் அக்காக்களுக்குச் சின்னதாகிப்போன டிரெஸ் எல்லா கிளப்பிலும் இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். புதிதாக வாங்கினால் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், முதல் துவைப்பில் சுருங்கும். சட்டையின் இடது மடிப்புதான் மேலே வர வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே முறை. ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் துவைத்து வெயிலில் காயவையுங்கள். வியர்வை டிரெஸ்ஸில் படர்தாமரை ஒரு பிள்ளையிடமிருந்து எல்லாப் பிள்ளைக்கும் பரவும்.

பெல்ட் வெள்ளையில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று போகும். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட், ஒவ்வொன்றுக்கும் பரீட்சை பீஸ் என்று வசூலிக்கும் இடம் வியாபாரம் செய்கிறது. ஒரு வருடம் மஞ்சள் பெல்ட்டிலேயே நின்று நன்றாக விழுகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

கேள்வி: ஜூடோ சர்டிபிகேட்டுக்குக் கல்லூரியில் இடம், அரசு வேலை கிடைக்குமா?
– ஒரு தந்தை, கரூர்

பதில்: தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டு இடங்கள் உண்டு. ஆனால் அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ் மட்டுமே செல்லும். ‘இன்டர்நேஷனல்’ என்று பெயர் வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு ஒரே நாளில் எல்லோருக்கும் மெடல் மாட்டும் போட்டிகளின் காகிதத்தை எந்த அலுவலகமும் ஏற்காது. பணம் கட்டுவதற்கு முன் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேலைக்காகவே எட்டு வயதுப் பிள்ளையைச் சேர்க்கிறீர்கள் என்றால், அதை அவனிடம் சொல்லாதீர்கள்.

கேள்வி: மகளுக்குப் பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு. வெளிச்சம் மட்டும் தெரியும். அண்ணனை ஜூடோவில் விடப் போகும்போதெல்லாம் மேட்டின் சத்தத்தைக் கேட்டு “நானும் வரேன்” என்கிறாள். கேட்கவே தயக்கமாக இருக்கிறது.
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: தயங்காமல் கேளுங்கள். பார்வையில்லாதவர்களுக்கு இவ்வளவு பொருந்தும் விளையாட்டுகள் குறைவு. ஜூடோவில் கண்ணைவிடக் கைக்குத்தான் வேலை. எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதெல்லாம் பிடித்திருக்கும் துணி வழியாகவே தெரியும். எங்கள் கூடத்தில் நன்றாகப் பார்வை உள்ள பிள்ளைகளையே சில நாள் கண்ணைக் கட்டிப் பழகவைப்போம். அன்று அவர்கள் பிடி இன்னும் நன்றாக இருக்கும்.

பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டியில் ஒரே ஒரு மாற்றம்தான் பெரிதாக உண்டு. இருவரும் ஒருவரையொருவர் பிடித்தபடி நின்ற பிறகுதான் நடுவர் ‘ஹஜிமே’ (தொடங்கு) சொல்லித் தொடங்குவார்கள், பிடி முழுதாக விட்டுப்போனால் நிறுத்தி மறுபடி பிடிக்கவைப்பார்கள். பாராலிம்பிக்கில் ஆண்களுக்கு 1988 முதலும் பெண்களுக்கு 2004 முதலும் இது இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் செகோரைச் சேர்ந்த கபில் பர்மார் சிறுவயதில் மின்சாரம் தாக்கியதற்குப் பிறகு பார்வை மங்கியவர். டீக்கடை நடத்திப் பிழைத்தவர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் சேர்த்து ஜூடோவில் இந்தியா வாங்கிய முதல் பதக்கம் அது.

சேர்ப்பதற்கு முன் கண் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: விழித்திரை பிரியும் அபாயம், கண் அழுத்தம் போன்றவை இருக்கின்றனவா, விழும் அதிர்ச்சியை அவள் கண் தாங்குமா? அவர் சரி என்றால், முதல் நாள் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அவளைக் கூட்டிப் போங்கள். கோச் அவள் கையைப் பிடித்து மேட்டின் நான்கு ஓரமும் நடத்திக் காட்டட்டும். எத்தனை அடியில் ஓரம் வருகிறது என்று அவளே எண்ணிக்கொள்வாள். அப்புறம் அவளோடு பழக நிதானமான ஒரு அக்காவை ஜோடியாகப் போடச் சொல்லுங்கள். அண்ணனைப் போட வேண்டாம், வீட்டுச் சண்டை மேட்டுக்கு வந்துவிடும்.

கேள்வி: வகுப்பு நடக்கும்போது நாங்கள் உள்ளே உட்காரலாமா? “காலைப் போடு, காலைப் போடு” என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.
– ஒரு தந்தை, பொள்ளாச்சி

பதில்: உட்காருங்கள், ஆனால் சத்தம் வேண்டாம். கோச் ஒன்று சொல்ல, அப்பா ஒன்று சொல்ல, பிள்ளை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கும் அந்த அரை நொடியில்தான் தப்பாக விழுகிறது. வீட்டுக்குப் போகும் வழியிலும் “ஏன் தோற்றாய்?” என்று தொடங்காதீர்கள். “இன்றைக்கு யாரோடு பழகினாய்?” என்று கேளுங்கள், அவனே எல்லாம் சொல்வான். சும்மா உட்கார முடியவில்லையென்றால் அரை மணி நேரம் முன்னதாக வந்து மேட் விரிக்கக் கைகொடுங்கள். பெரும்பாலான கிளப்புகளில் கூடம் பள்ளியுடையதாக இருக்கும், தினமும் விரித்து தினமும் எடுத்து அடுக்க வேண்டும். அதற்கு எப்போதும் ஆள் போதாது.